டிராவலர் வேனில் சோலாரும் பேட்டரியும்: எத்தனை பேனல் போட்டால் ஏ.சி. ஓடும்?

11 பிப்ரவரி 2024 (கேள்வி)

பழைய ஃபோர்ஸ் டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்யும் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கூரையில் 540 வாட் பேனல் இரண்டு, உள்ளே 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் (வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் ஈய-அமில) பேட்டரி இரண்டு, வீட்டில் சும்மா கிடக்கும் 24 வோல்ட், 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் என்பது என் திட்டம். ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், மிக்சி, இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றோடு இரவில் ஒரு டன் ஏ.சி.யும் ஓட வேண்டும். பேனல் போதாது என்றால் இன்னும் எத்தனை போட வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

11 பிப்ரவரி 2024, இரவு (பதில்)

பேனலின் எண்ணிக்கையை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஒரு நாளில் எத்தனை வாட்-மணி செலவாகும் என்று முதலில் எழுதுங்கள். நானும் என் மனைவியும் 2019 முதல் இதே வகை வண்டியில் மதுரையிலிருந்து புறப்பட்டு, ஆண்டுக்கு மூன்று மாதமாவது வெளியில் தங்குகிறோம். எங்கள் நோட்டில் உள்ள சராசரிக் கணக்கு இது: 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு 550 வாட்-மணி, 18 வாட் ஃபேன் இரண்டு பத்து மணி நேரம் சுற்றினால் 360, விளக்குகளுக்கு 60, கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் 200, தண்ணீர் மோட்டாருக்கு 30, சட்னி அரைக்கும் மிக்சிக்கு 60. மொத்தம் 1,260 வாட்-மணி, அதாவது ஒன்றேகால் யூனிட்.

இந்தக் கணக்கில் ஏ.சி.யைச் சேர்த்துப் பாருங்கள். தகரக் கூண்டான ஒரு வண்டியில் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரியாக 600 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட் ஆகிறது. எங்கள் முழு நாள் செலவைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு, சூரியன் இல்லாத நேரத்தில், முழுவதும் பேட்டரியிலிருந்தே வர வேண்டும். நீங்கள் சொல்லும் இரண்டு ட்யூபுலர் பேட்டரிகளில் எழுதியிருப்பது 3.6 யூனிட், அவை நெடுநாள் உழைக்க வேண்டும் என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஏ.சி. மூன்று மணி நேரம் கூட ஓடாது. பேனலை இரட்டிப்பாக்கினாலும் அந்த மூன்று மணி நேரம் நான்காகாது. இரவு ஏ.சி. வேண்டும் என்றால் 15 ஆம்பியர் பிளக் கிடைக்கும் தங்குமிடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள் என்பதே என் பதில்.

இன்னொன்று, வண்டியே 12 வோல்ட், ஃபிரிட்ஜும் ஃபேனும் 12 வோல்ட்டில் கிடைக்கின்றன என்பதால், அந்த 24 வோல்ட் இன்வெர்ட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே அமைத்துக்கொள்வது நல்லது.

12 பிப்ரவரி 2024

நேற்றைய கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா விழித்திருப்பதற்கே மின்சாரம் தின்னும். வீட்டில் பயன்படுத்தும் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட வகை 30 வாட் எடுத்தாலும், ஒரு நாளைக்கு 720 வாட்-மணி ஆகிவிடும்; அது எங்கள் ஃபிரிட்ஜ் எடுப்பதைவிட அதிகம். முதல் ஆண்டில் இந்த இழப்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதன் பிறகு இன்வெர்ட்டருக்குத் தனி ஸ்விட்ச் வைத்து, மிக்சி போடும் நேரத்தில் மட்டும் உயிரூட்டி, வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறோம். கைபேசி சார்ஜர், விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் நேரடி 12 வோல்ட்டுக்கு மாற்றியதில் மிச்சமான மின்சாரம், 100 வாட் பேனல் ஒன்றைக் கூடுதலாகப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் மின்சாரத்தைவிட அதிகம்.

18 பிப்ரவரி 2024

“பேனலிலும் பேட்டரியிலும் நல்ல கம்பெனிப் பொருளாகப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்” என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐந்தாண்டு அனுபவத்தில் எனக்கு ஏற்பட்ட தொல்லைகளில் பேனலால் வந்தது ஒன்றும் இல்லை. பேட்டரியால் வந்தது ஒரே ஒரு முறை. மீதி அனைத்தும் இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளவற்றால், அதாவது ஒயர், லக் (ஒயரின் முனையில் பொருத்தும் உலோகக் காது), ஃப்யூஸ், இணைப்பு ஆகியவற்றால் வந்தவை. அவற்றில் ஒன்றை முழுமையாகச் சொல்கிறேன்.

2020 பிப்ரவரியில் கன்னியாகுமரிப் பக்கம் தங்கியிருந்தபோது, தினமும் அதிகாலையில் ஃபிரிட்ஜ் நின்றுபோய், பால் திரிந்துகொண்டிருந்தது. மீட்டரை பேட்டரியில் வைத்தால் 12.1 வோல்ட் காட்டியது; பாதிக்குச் சற்று மேல் இருப்பு இருக்கிறது என்று பொருள். பேட்டரி விற்ற கடையில் கேட்டபோது, இரண்டும் பழுதாகிவிட்டன, மாற்ற வேண்டும் என்றார்கள். ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவர் கம்ப்ரஸரில் கோளாறு என்றார். இருவர் சொன்னதையும் நம்பி இரண்டு வாரத்தை வீணாக்கினேன்.

கடைசியில் என் மனைவிதான், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பின்புறத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள் என்றார். வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 12.1 வோல்ட், ஃபிரிட்ஜின் முனையில் 11.05 வோல்ட். இடையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. உள்வேலை செய்து கொடுத்தவர் விளக்குக்குப் போடும் 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரையே ஃபிரிட்ஜுக்கும் இழுத்திருந்தார். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு ஆறு மீட்டர், திரும்பி வர ஆறு மீட்டர், ஆகப் பன்னிரண்டு மீட்டர் செம்பு. பேட்டரியை முற்றிலும் காலியாக்கிவிடக் கூடாது என்பதற்காக ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் பாதுகாப்பு அமைப்பு, 11 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே தன்னை நிறுத்திக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியிலும் பழுதில்லை, கம்ப்ரஸரிலும் பழுதில்லை. 6 ஸ்கொயர் எம்.எம். ஒயரைப் புதிதாக இழுத்த அன்றிரவு முதல் பால் திரியவில்லை.

19 பிப்ரவரி 2024

கணக்கைக் கேட்டவர்களுக்கு: செம்பின் மின்தடை, 1 ஸ்கொயர் எம்.எம். தடிமனில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம். போக வர உள்ள மொத்த நீளத்தால் பெருக்கி, ஒயரின் தடிமனால் வகுத்து, ஆம்பியரால் பெருக்கினால் இழப்பு எத்தனை வோல்ட் என்று கிடைக்கும். என் ஃபிரிட்ஜுக்கு 12 மீட்டர், 5 ஆம்பியர், 1 ஸ்கொயர் எம்.எம். என்றால் 1.05 வோல்ட். அதே நீளத்துக்கு 6 ஸ்கொயர் எம்.எம். என்றால் 0.18 வோல்ட் மட்டுமே. வீட்டு 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. வீட்டு வயரிங்கில் தேர்ந்த எலக்ட்ரீஷியன்களும் வண்டி வயரிங்கில் தவறுவது இந்த இடத்தில்தான்.

3 மார்ச் 2024

ட்யூபுலரா, லித்தியமா என்று கேள்வி கேட்டவர் தனியாகக் கேட்டிருந்தார். பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

வீட்டில் ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் இன்வெர்ட்டருக்கு ட்யூபுலர் நல்ல பேட்டரி; எங்கள் வீட்டில் இன்றும் அதுதான் இருக்கிறது. வண்டியில் அதற்கு மூன்று சிக்கல்கள். ஒன்று ஐம்பது கிலோவைத் தாண்டும் எடை. இரண்டாவது, சார்ஜ் ஏறும்போது வெளியேறும் ஹைட்ரஜனும் மலைப்பாதையில் குலுங்கித் தெறிக்கும் அமிலமும். படுக்கைக்கு அடியில் அவற்றை வைத்திருந்த இரண்டு ஆண்டுகளும் டெர்மினலில் பூத்துக்கொண்டே இருந்த உப்பை நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவதுதான் பெரிது: அதை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினாலும், நாள்கணக்கில் முழுமையாக நிரப்பாமல் விட்டாலும், ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். பயணத்தில் இவ்விரண்டும் நடந்தே தீரும். எங்கள் முதல் ஜோடி இருபது மாதத்தில் முடிந்தது. வண்டியில் பயன்படுத்தியதால் உத்தரவாதம் பொருந்தாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

2021-இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு மாறினோம். 3.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணி செல்கள் நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட், ஏறக்குறைய 3.6 யூனிட். நான்கு செல்லும் சேர்ந்தே இருபத்திரண்டு கிலோ அளவில்தான் இருக்கும். அதில் எண்பது சதவீதத்தைத் தினமும் எடுக்கலாம். பாதி நிரம்பிய நிலையில் வாரக்கணக்கில் விட்டாலும் அதற்குத் தீங்கில்லை.

இதற்கும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கண்காணித்து, தேவைப்பட்டால் துண்டிக்கும் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மைச் சுற்று) இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ட்யூபுலருக்கென்று அமைத்த 12 வோல்ட் வீட்டு இன்வெர்ட்டரின் சார்ஜர் 14.5 வோல்ட்டுக்கு மேலும் ஏற்றும். நான்கு செல் லித்தியத்துக்கு 14.2 வோல்ட்டே போதும். இருப்பு எவ்வளவு என்று வோல்ட் மீட்டரைப் பார்த்துச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் பாதிக்கு அருகிலும் முக்காலுக்கு அருகிலும் அது 13.2, 13.3 என்றே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் ஆம்பியரையும் வெளியே வரும் ஆம்பியரையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் ஒன்றை நெகட்டிவ் ஒயரில் வைப்பது அவசியம்.

17 ஏப்ரல் 2024

இந்த வாரம் மதுரையில் சூரியன் நண்பகலில் நேர் தலைக்கு மேலே நிற்கிறது. செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாத நாள்கள். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் பேனலுக்கு இதைவிடச் சாதகமான கோணம் கிடையாது. எங்களிடம் இருப்பது 330 வாட் பேனல் இரண்டு, மொத்தம் 660 வாட். பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் நேற்று நண்பகலில் காட்டிய உச்ச அளவு 505 வாட்.

மீதி 155 வாட் எங்கே போயிற்று என்று ஒருவர் கேட்கக்கூடும். பேனலில் அச்சிட்டிருக்கும் வாட், செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. நேற்று பேனலின் அடிப்பக்கம் 66 டிகிரி. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் குறையும் என்று கொண்டால், வெயிலின் சூட்டிலேயே பதினாறு சதவீதம் போய்விடுகிறது. மீதி தூசியிலும் ஒயரிலும் கன்ட்ரோலரிலும் போகிறது. இதனால்தான் பேனலைக் கூரையோடு ஒட்டிப் பதிக்க வேண்டாம் என்று சொல்கிறேன். குறைந்தது நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் அடியில் காற்று ஓடி பேனல் சற்றுக் குளிரும்; பேனலின் நிழலில் கிடக்கும் தகரக் கூரையும் சூடேறாது. எங்கள் வண்டிக்குள் பகல் வெக்கையைக் கண்கூடாகக் குறைத்தது அந்த இடைவெளிதான்.

பேனலைச் சாய்த்து வைத்தால் முப்பது சதவீதம் கூடும் என்று எழுதியவருக்கு: தில்லிக்கு வடக்கே குளிர்காலத்தில் சாய்வு பெரிய வேறுபாட்டைத் தரும். நமக்கு டிசம்பர் கடைசியிலேயே நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரி அளவே தெற்கே சாய்ந்திருக்கும்; அந்த நேரத்தில் படுக்கைப் பேனலின் இழப்பு பதினேழு சதவீதம் வரும், ஆண்டுச் சராசரியில் அது மிகச் சிறிது. அதற்காகக் கூரையில் கீல் வைத்து, காற்றில் ஆடும் பொருளாக்கி, நெடுஞ்சாலையில் பயந்துகொண்டே ஓட்டுவதை நான் விரும்பவில்லை.

பேனலைக் கழுவுவதற்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றி அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு படிந்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அதிகாலையில் துடைப்பது போதும்.

5 மே 2024

படம் அனுப்பியிருந்த அன்பருக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் நீங்கள் வைத்திருப்பது வீட்டு மாறுதிசை மின்சாரத்துக்கான எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்). மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால், அதில் தோன்றும் தீப்பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு. பேட்டரியின் நேர்மின்னோட்டம் ஒருபோதும் சுழிக்கு வராது. திறந்த முனைகளுக்கு இடையில் தீப்பொறி நின்று எரியும். தயவுசெய்து வண்டியை இனி எடுக்கும் முன் அதை மாற்றுங்கள்.

லித்தியம் பேட்டரி நேரடியாகக் குறுக்குச் சுற்றானால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அந்த மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறன் கொண்ட, நேர்மின்னோட்டத்துக்கென்று மதிப்பிட்ட ஃப்யூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பது ஒயரைத்தான். ஆகவே அதன் அளவு ஒயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது. கிரைண்டருக்காகவோ மிக்சிக்காகவோ ஃப்யூஸைப் பெரிதாக்குவதற்கு முன் ஒயரைப் பெரிதாக்குங்கள்.

9 ஜூன் 2024

லடாக் போகிற குழுவினர் எங்கள் அனுபவத்தைக் கேட்டிருந்தார்கள். நாங்கள் லடாக் போனதில்லை. 2022 அக்டோபர் இறுதியில் இமாச்சலப் பிரதேசத்தில் கின்னௌர் வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் காசா வரை போனோம். அங்கே அடுத்தடுத்த இரண்டு காலைகளில் இரண்டு வெவ்வேறு விபரீதங்கள் நடந்தன.

முதல் காலை, வெயில் பளீரென்று அடித்தும் பேட்டரியில் ஓர் ஆம்பியர் கூட ஏறவில்லை. இரவில் வெளியே மைனஸ் 8 டிகிரி. பின்கதவை ஒட்டிய பெட்டியில் இருந்த பேட்டரியின் வெப்பநிலை மைனஸ் 1. லித்தியம் செல்லைச் சுழி டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் உள்ளே போகாமல் மின்முனையின் மேல் உலோகமாகவே படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். எங்கள் பி.எம்.எஸ்.ஸில் குளிர்ப் பாதுகாப்பு இருந்ததால் அது சார்ஜைத் தடுத்தது. மலிவான பி.எம்.எஸ். பலவற்றில் இந்தப் பாதுகாப்பு இருக்காது. வாங்கும்போது இதைக் கேட்டே வாங்குங்கள். அன்று மதியத்துக்கு மேல் பேட்டரி சூடேறி எல்லாம் சரியாயிற்று. அன்றிரவே பேட்டரியை உட்பக்கம், எங்கள் படுக்கைக்குக் கீழே மாற்றினோம்.

இரண்டாம் காலை, சூரியன் மலை விளிம்பைத் தாண்டிய ஐந்தாவது நிமிடத்தில் சார்ஜ் கன்ட்ரோலர் இறந்துபோயிற்று. மெல்லிய கருகல் வாசனை, பிறகு ஒன்றும் இல்லை. மீதி ஒன்பது நாளும் வண்டியின் டைனமோவை நம்பியே ஓட்டினோம். லித்தியத்தை டைனமோவோடு நேரடியாக இணைத்தால் அது அளவின்றி இழுக்கும். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது டைனமோவின் விசிறி மெதுவாகச் சுற்றுவதால் சுருள் எரிந்துவிடக்கூடும். நல்ல வேளையாக, இழுக்கும் அளவைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை முன்பே இடையில் வைத்திருந்தோம். மூன்று மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய 1.2 யூனிட் கிடைத்தது. எங்கள் நாள் செலவு அதில் ஓரளவு கட்டுக்குள் வந்தது.

கன்ட்ரோலர் ஏன் இறந்தது என்று கேட்காதவர் இல்லை. குளிர்தான் காரணம் என்று இதுவரை சொல்லிவந்திருக்கிறேன்.

10 ஜூன் 2024

“குளிர்தான் காரணம்” என்று நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். படித்துவிட்டு இரவெல்லாம் யோசித்தேன். அந்தச் சொற்றொடர் பழியைக் கன்ட்ரோலர் மீதும் மலை மீதும் போடுகிறது. தவறு நான் போட்ட கணக்கில்.

எங்கள் பேனல் ஒன்றின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது மின்சாரம் எதுவும் எடுக்காதபோது அதன் முனைகளில் இருக்கும் வோல்ட், 46. இரண்டைத் தொடராக இணைத்தால் 92. கன்ட்ரோலரின் எல்லை 100 வோல்ட். எட்டு வோல்ட் மிச்சம் இருக்கிறதே என்று நினைத்தேன். பேனல் சூடானால் வோல்ட் குறையும் என்பது எனக்குத் தெரியும். குளிர்ந்தால் கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. டிகிரிக்கு 0.31 சதவீதம் என்று கொண்டால், 25 டிகிரியிலிருந்து மைனஸ் 8 டிகிரி வரை 33 டிகிரி வேறுபாட்டுக்குப் பத்து சதவீதம் கூடி, 92 வோல்ட் 101 வோல்ட்டைத் தாண்டுகிறது. அதிகாலையின் மெல்லிய வெளிச்சத்திலேயே பேனல் ஏறக்குறைய முழு வோல்ட்டையும் கொடுத்துவிடும். அதைச் சூடாக்கும் அளவு வெயில் அப்போது வந்திருக்காது. மதுரை வெயிலில் அதே இரண்டு பேனலும் 82 வோல்ட்டைத் தாண்டியதே இல்லை. ஆகவே மூன்று ஆண்டுகள் எந்தக் குறையும் தெரியாமல் ஓடியது.

கேள்வி கேட்டவர் இதைத் தமக்குரிய எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் 540 வாட் பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம் ஏறக்குறைய 49.5 வோல்ட். இரண்டைத் தொடராகப் போட்டால் 99. 100 வோல்ட் கன்ட்ரோலரில் அது வால்பாறையின் ஒரு குளிர்காலக் காலையைக் கூடத் தாங்காது. 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள், அல்லது இரண்டையும் இணையாகப் போடுங்கள். இணையாகப் போட்டால் ஒரு பேனலில் மரநிழல் விழும்போது மற்றது தன் பாட்டுக்கு வேலை செய்யும் என்பது கூடுதல் நன்மை. ஆம்பியர் இரட்டிப்பதால் கூரையிலிருந்து இறங்கும் ஒயர் தடிமனாக வேண்டும்.

28 ஜூலை 2024

பிப்ரவரியில் கொடுத்த ஓர் அறிவுரையைத் திரும்பப் பெறுகிறேன். 24 வோல்ட்டை விட்டுவிட்டு எல்லாவற்றையும் 12 வோல்ட்டில் போடச் சொல்லியிருந்தேன். அது என் போன்ற, ஐந்து கிலோ சிலிண்டரில் சமைப்பவர்களுக்குப் பொருந்தும். இண்டக்‌ஷன் அடுப்பு கட்டாயம் வேண்டும் என்பவருக்கு அது தவறான அறிவுரை.

சென்ற வாரம் என் தம்பி மகன் தன் 1,800 வாட் அடுப்பைக் கொண்டுவந்து எங்கள் வண்டியில் போட்டுப் பார்த்தான். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 160 ஆம்பியர் போனது. எங்கள் பி.எம்.எஸ். 150 ஆம்பியருக்கானது, சில விநாடிகளில் அது வெட்டிவிட்டது, ஃபிரிட்ஜும் ஃபேனும் சேர்ந்தே அணைந்தன. அடுப்பை 1,200 வாட்டில் வைத்தபோது ஓடியது. பத்து நிமிடத்தில் இன்வெர்ட்டர் பக்கத்து லக்கைக் கையால் தொட முடியவில்லை. அதே 1,800 வாட் 24 வோல்ட்டில் 80 ஆம்பியர்தான். ஒயரிலும் இணைப்பிலும் உண்டாகும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அதே ஒயரில் நான்கில் ஒரு பங்காகிவிடும். கேள்வி கேட்டவரின் 24 வோல்ட் எண்ணம் சரியானது. எட்டு செல் லித்தியம், 24 வோல்ட், ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் 24-இலிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று என்று அவர் போவதே நல்லது. டைனமோவிலிருந்து ஏற்ற வேண்டுமானால் 12-இலிருந்து 24-க்கு உயர்த்தும் சார்ஜராக வாங்க வேண்டும்.

பழைய இன்வெர்ட்டரையே பயன்படுத்துவதாக இருந்தால், அதன் சார்ஜர் பகுதியை இணைக்காமல் விடுங்கள். மார்ச்சில் எழுதிய காரணமேதான்: ட்யூபுலருக்கான அது லித்தியத்துக்குத் தேவைக்கு மேல் வோல்ட் ஏற்றும்.

24 நவம்பர் 2024

வடகிழக்குப் பருவமழையில் சோலார் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்காக, கொடைக்கானல் கீழ்மலைப் பகுதியில் தங்கிய நான்கு நாள் கணக்கை நோட்டிலிருந்து தருகிறேன். தெளிந்த நாளில் எங்கள் 660 வாட் 2.3 யூனிட் வரை கொடுக்கும். முதல் நாள் மேகமூட்டத்தில் 0.8 யூனிட். இரண்டாம் நாள் மூடுபனியும் மழையும், 0.4. மூன்றாம் நாள் 0.5. நான்காம் நாள் காலையில் இருப்பு இருபத்தைந்து சதவீதத்துக்கு வந்ததால், மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, வத்தலக்குண்டு வரை இறங்கி ஏறினோம். அந்த ஓட்டத்தில் ஒரு யூனிட் ஏறியது.

குளிர்ந்த இடத்தில் ஃபிரிட்ஜ் 300 வாட்-மணிக்கு மேல் கேட்காது. ஃபேன் தேவையே இல்லை. இந்த இரண்டின் செலவும் குறைந்ததால்தான் மூன்று நாள் தாக்குப்பிடித்தோம். சமவெளியில் இதே மழை மூன்று நாள் நின்று பெய்து, புழுக்கமும் இருந்தால், இரண்டாம் நாள் மாலையே வண்டியைக் கிளப்ப வேண்டியிருக்கும்.

15 டிசம்பர் 2024

கேள்வி கேட்டவரின் வண்டி தயாராகி, நேற்று எங்கள் வீட்டு வாசலில் நின்றது. பார்த்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 540 வாட் பேனல் இரண்டும் நீளவாக்கில், ஒன்றன்பின் ஒன்றாக, கூரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இணைப்பு இணையானது; கன்ட்ரோலர் 150 வோல்ட். எட்டு செல் லித்தியம் படுக்கைக்குக் கீழே, குளிர்ப் பாதுகாப்புள்ள பி.எம்.எஸ்.ஸுடன் இருக்கிறது. ஏ.சி.யை விட்டுவிட்டார், அதற்குப் பதிலாகக் கூரையின் உட்புறம் முழுவதும் வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டியிருக்கிறார். அடுப்பு 1,800 வாட்டில் ஓடிக்கொண்டிருக்க, இருவரும் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்த்தோம். ஒன்றைத் தவிர எல்லாம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன.

அந்த ஒன்று, பி.எம்.எஸ்.ஸிலிருந்து வரும் நெகட்டிவ் லக். ஒயர் போதிய தடிமன்தான்; லக்கும் சரியான அளவுதான். ஆனால் அதைச் சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தார்கள். மீட்டரை லக்கின் ஒரு பக்கத்திலும் ஒயரின் செம்பிலுமாக வைத்தால், ஒரு விரல் நீளத்துக்குள் 0.15 வோல்ட் இழப்பு. எண்பது ஆம்பியரில் அது பன்னிரண்டு வாட் சூடு, மெத்தைக்கு நேர் கீழே. லக்கை வெட்டியெடுத்து, ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் புதிய லக்கை அழுத்திப் பொருத்தியபின் மீட்டரில் இழப்பு தெரியவில்லை.

அவர் போனபிறகு எங்கள் வண்டியின் பெட்டியையும் திறந்து பார்த்தேன். கொடைக்கானல் சாலையில் இறங்கி ஏறியதில், மூன்றாவது செல்லின் நட்டு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. செல்லின் மரை அலுமினியம் என்பதால் பலமாக முறுக்கினால் கழன்றுவிடும். அளவு காட்டும் முறுக்குக் கருவியால் எட்டு நட்டுகளையும் இறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் கருப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும். அவரையும் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன். ராமேஸ்வரம் போய்த் திரும்பியதும் படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னார்.